மோட்டார் சைக்கிள் உறைக்கு வினைல் ஒட்டுதல்: வீட்டிலேயே செய்யும் முறை

கிராமங்களில் இன்று மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று என்பது யாவரும் அறிந்ததே. சங்கத்திற்குப் பால் கொண்டு செல்வதும், சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்வதும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவதும் அதனாலேயே நடைபெறுகின்றன. வெயிலிலும் புழுதியிலும் உழைக்கும் வண்டியின் வர்ணம் சில ஆண்டுகளில் மங்கிவிடுகிறது. மீண்டும் வர்ணமடிக்கக் கொடுத்தால் செலவும் மிகுதி. வண்டியின்றிக் காத்திருக்கும் நாள்களும் மிகுதி. ஆகவே, வினைல் தாள் ஒட்டும் வழக்கம் நம் வாலிபர்களிடையே பரவியுள்ளது. வண்டியின் முன்புறமும் பக்கங்களிலும் காற்றைத் தடுத்து நிற்கும் 'ஃபேரிங்' என்னும் பிளாஸ்டிக் உறைகளுக்கே இதனைப் பெரிதும் ஒட்டுகின்றனர்.

இதைப்பற்றி எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நமது வட்டாரத்துக் கிராமம் ஒன்றிற்கு முகாம் சென்றிருந்தபோது, பால் ஊற்றும் வாலிபர் ஒருவர் கையில் கட்டுடன் அமர்ந்திருக்கக் கண்டோம். அவர் அண்மையில் பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். ஒரு திருப்பத்தில் அதன் பக்க உறை பிளந்து தொங்கிக் கைப்பிடியைத் திரும்பவிடாமல் தடுக்கவே, வண்டி சாய்ந்து கை முறிந்தது. "ஐயா, மேலே பார்த்தால் புதிதுபோல் பளபளவென்றிருந்தது. உள்ளே விரிசல் இருந்தது ஸ்டிக்கரை உரித்தபின்தான் தெரிந்தது" என்றார். ஒரு மாதத்திற்கு மேல் அவரால் பால் கொண்டுசெல்ல இயலவில்லை.

கை குணமானபின் அவரும் நாமுமாகப் புதிய உறைகளுக்கு இரண்டு காலைப் பொழுதுகளில் வினைல் ஒட்டி முடித்தோம். அவ்வனுபவத்தை அன்பர்களுக்குப் பயன்படும் வகையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

தாளின் வகைகள்

வினைல் தாள், பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் பின்புறத்தில், அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் பசை தடவப்பட்டிருக்கும். இதில் இருவகை உண்டு. திரவத்தை ஊற்றிப் பரப்பி, சூளையில் உலர்த்திச் செய்யும் 'காஸ்ட்' தாள் ஒருவகை. சூடான உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்துச் செய்யும் 'கேலண்டர்டு' தாள் மற்றொருவகை. முன்னது ஏறக்குறைய 50 மைக்ரான் கனமுள்ளது. வளைவுகளில் நன்கு படியும். பின்னது சற்றுத் தடித்தது, விலை மலிவானது. ஆயினும், இழுத்துச் செய்யப்பட்ட காரணத்தால், வெயில் பட்டவுடன் தன் பழைய அளவுக்குச் சுருங்க முயலும், ஓரங்கள் கிளம்பும். வளைவும் நெளிவும் நிறைந்த ஃபேரிங்கிற்குக் காஸ்ட் தாளே ஏற்றது. தட்டையான சிறு பாகங்களுக்கு மற்றது போதும்.

முன்னேற்பாடு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். இவ்வேலையில் பெரும்பகுதி, ஒட்டுவதற்கு முன்பே நடைபெறுகிறது.

முதலாவதாக, உறைகளைத் திருகாணிகளை நீக்கி வண்டியினின்றும் கழற்றுக. திருகாணிகளை அவ்வவ்வுறையின் பெயரெழுதிய தனித்தனிக் கிண்ணங்களில் இட்டு வைத்தால் பின்னர் தடுமாற்றம் நேராது. இரண்டாவதாக, உறையின் உட்புறத்தையும், திருகாணி பொருந்தும் காதுகளையும் வெளிச்சத்தில் பிடித்து ஆராய்க. விரிசல் இருப்பின் அதனைப் பற்றவைத்துச் சீர்செய்த பின்னரோ, உறையை மாற்றிய பின்னரோ மட்டுமே ஒட்ட வேண்டும்.

மூன்றாவதாக, சோப்பு நீரால் கழுவி உலர்த்துக. வாட்டர் சர்வீஸ் கடைகளில் பூசும் பளபளப்பு எண்ணெய் சோப்பினால் முற்றிலும் நீங்குவதில்லை. ஆகவே, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த தூய துணியால் துடைத்தல் அவசியம். மண்ணெண்ணெய் எண்ணெய்ப்பசையை விட்டுச் செல்லும். பெட்ரோல் வர்ணத்தையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். இவ்விரண்டையும் தவிர்க்க. உரிந்து நிற்கும் வர்ணத்தைத் தேய்த்துச் சமன்செய்யாவிடில், தாளுடன் அதுவும் பெயர்ந்து வரும். சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் பசை சரியாகப் பிடிப்பதில்லை. அவற்றை விட்டுவிடுவதே நலம்.

ஒட்டும் முறை

காலை வேளையே உகந்தது. நண்பகலில் சூடேறிய உறையில் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். தாளும் அளவுக்கு மீறி இளகும். கதவு சாத்திய அறையில், தரையில் நீர் தெளித்துப் புழுதியை அடக்கி, மின்விசிறியை நிறுத்தி வேலையைத் தொடங்குக.

உறையின் அளவைவிட நான்கு பக்கமும் நான்கு விரற்கடை மிகுதியாக வைத்துத் தாளை வெட்டிக்கொள்க. இருவர் தாளின் இரு முனைகளையும் பிடித்து, உறையின்மேல் தளர்வாகப் படியவிட்டு, நடுவில் முதலில் அழுத்துக. பின்னர், மென்துணி சுற்றிய பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்துக் காற்றை வெளியேற்றுக. சுருக்கம் விழுந்தால் அழுத்தித் தேய்த்தல் கூடாது. அவ்விடத்தை உயர்த்தி, மெல்லச் சூடு காட்டினால் தாள் தன் பழைய நிலைக்கு மீளும். பதறாத காரியம் சிதறாது. சிறு கொப்புளங்களை ஊசிமுனையால் குத்தி அழுத்திவிடலாம்.

வளைவுகளில் தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடு போதும். தாளை இழுத்துப் பிடித்து ஒட்டினால் அன்று அழகாகத் தோன்றினும், நாளடைவில் சுருங்கிக் கிளம்பும். ஓரங்களை ஒரு விரற்கடை உட்புறமாக மடித்து, மீதத்தை உட்புறத்திலேயே வெட்டுக. வெளிப்புறத்தில் கத்தி பட்டால் வர்ணத்தில் நிரந்தரக் கீறல் விழும்.

இறுதியில் ஓரங்களையும் வளைவுகளையும், தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுக்கு ஹீட் கன் கொண்டு சூடேற்ற வேண்டும். காஸ்ட் தாளுக்கு இது ஏறக்குறைய 90 பாகை செல்சியஸ். இச்சூட்டில்தான் தாள் புதிய வடிவத்தை ஏற்றுக்கொள்கிறது. பல உறைகளுக்குப் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 105 பாகையை ஒட்டி இளகத் தொடங்கும் என்பதை மறக்கலாகாது. எனவே கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒட்டிய உறைகளை ஒருநாள் முழுவதும் நிழலில் வைத்திருந்து, அதன் பின்னரே மாட்டுக. முதல் வாரம் நீரடித்துக் கழுவ வேண்டாம். பிறகும், வேக நீரை ஓரங்களின்மேல் நேராகப் பாய்ச்சலாகாது. பெட்ரோல் சிந்தினால் உடனே துடைத்துவிடுக.

சட்டத்தை அறிதல்

வண்டியின் நிறம் பதிவுச் சான்றில் குறிக்கப்படும் விவரங்களுள் ஒன்றாகும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அச்சான்றின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆதலால், முழு நிறத்தையும் மாற்ற எண்ணுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நன்று. பழைய நிறத்திலேயே ஒட்டுவோருக்கு இக்கவலை இல்லை. இராணுவ வண்டிகளுக்குரிய ஆலிவ் பச்சையை மற்றையோர் பூசலாகாது என 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி தடுக்கிறது. எண் பலகை, விளக்குகள், பிரதிபலிப்பான்கள் ஆகியவற்றின்மேல் தாள் படவே கூடாது.

வினைல் தாள் நல்ல வர்ணத்தைக் கீறலினின்றும் வெயிலினின்றும் காக்கும். மங்கிய வர்ணத்தை அழகுபடுத்தும். உடைந்த உறைக்கு அது வலுவூட்டாது. பழைய வண்டி வாங்குவோர், மேலே பளபளப்பு மிகுந்திருப்பின், உறையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்த பின்னரே விலை பேச வேண்டும். விற்போரும் பழுதைச் சொல்லி விற்பதே முறை. நாம் குறிப்பிட்ட வாலிபர் இன்று மீண்டும் தம் வண்டியில் சங்கத்திற்குப் பால் கொண்டுசெல்கிறார். அண்டை வீட்டார் தம் வண்டிகளுக்கு ஒட்டித்தரக் கேட்டால், அவர் முதலில் உறையைக் கழற்றித் திருப்பிப் பார்க்கிறார். இவ்வழக்கம் ஒவ்வோர் ஊரிலும் நிலைபெறுமாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.