விபத்தும் ஈட்டுத்தொகையும்



திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. அங்கே இரும்பை உருக்கும் உலைகளும், கம்பியாக உருட்டும் ஆலைகளும் இயங்குகின்றன. உங்களுள் சிலருடைய தந்தையரும் தமையன்மாரும் அங்கே உழைப்பவர்களாக இருக்கலாம். வேலையில் அவர்களுக்கு ஊறு நேர்ந்தால் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு யாது?

முற்காலத்தில், முதலாளியின் குற்றத்தை மெய்ப்பித்தால்தான் தொழிலாளி நஷ்டஈடு பெற முடியும். கையிழந்த ஏழை வழக்காடி வெல்வது எளிதா? 1897-இல் இங்கிலாந்திலும், 1923-இல் இந்தியாவிலும் இயற்றப்பெற்ற சட்டங்கள் இந்நிலையை மாற்றின. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். குடிபோதையாலோ, காப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியதாலோ நேர்ந்த ஊறு இதற்கு விலக்கு. எனினும் மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேரின், அவ்விலக்கும் செல்லாது.

1923-ஆம் ஆண்டுச் சட்டம், 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கியது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்புடையதாயின், இதில் அடங்கும்.

ஈட்டுத்தொகையை எவ்வாறு கணக்கிடுகின்றனர்? முப்பது வயதுத் தொழிலாளி ஒருவரின் மாதக் கூலி ரூ. 10,000 எனக் கொள்வோம். முழு ஊனத்திற்குக் கூலியில் 60 விழுக்காடு, அதாவது ரூ. 6,000. அதனை அவ்வயதிற்குரிய 207.98 என்னும் எண்ணால் பெருக்கினால் ரூ. 12,47,880. கட்டைவிரல் இழப்பைச் சட்டம் 30 விழுக்காடு என மதிப்பதால், அவருக்குரியது ரூ. 3,74,364.

என் மாணவன் ஒருவனின் தந்தைக்குப் பட்டறையொன்றில் விரல்கள் நசுங்கின. சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டார்கள். பையன் படிப்பை விட்டுத் தேநீர்க்கடை வேலைக்குச் சென்றான். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதை அக்குடும்பம் அறிந்திருக்கவில்லை.

ஆதலின் சிலவற்றை நினைவில் இருத்துங்கள். விபத்தைத் தாமதமின்றி எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். மருத்துவச் சீட்டுகளையும் கூலிச் சீட்டுகளையும் பாதுகாத்தல் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்தல் வேண்டும். தொழிலாளர் அரசு காப்பீட்டில் பதிவானவர்கள் அதன் வழியாகவே பயன்பெறுவர். ஒப்பந்தக்காரர் வழியே வேலைக்கு வந்தவருக்கு ஆலையின் முதலாளியும் பொறுப்பாவார். மரணம் நேர்ந்தால், ஈட்டுத்தொகையை அதிகாரியிடம் செலுத்த வேண்டும்; அவரே குடும்பத்தாருக்குப் பங்கிட்டு அளிப்பார்.

வடமாநிலங்களிலிருந்து வந்து, தமிழ் அறியாது உழைப்போருக்கும் இவ்வுரிமைகள் யாவும் உண்டு. எழுத்தறிந்த நீங்கள், கையொப்பம் கேட்டு ஒரு தாள் உங்கள் வீட்டிற்கோ அண்டை வீட்டிற்கோ வருமாயின், முதலில் அதனை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கையொப்பம் அதன் பிறகு ஆகட்டும்.