சிட்டா இல்லாதவருக்கு யார் ஜாமீன்?

வங்கியிலும் நீதிமன்றத்திலும் புழங்குவது ஒரே சொல்தான்: ஜாமீன். வங்கியில் ஜாமீன் கையெழுத்து வாங்குவது பல வருஷம் என் வேலை. உழவுக்கு வந்த பிறகு, என் வயலில் கூலி வேலை செய்கிற குடும்பங்கள் கோர்ட்டு ஜாமீனுக்கு ஆள் தேடி அலைவதைப் பார்க்கிறேன்.

களை எடுக்கவும் வரப்பு வெட்டவும் வருகிறவர்களில் பலருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடிதடி, சின்னத் திருட்டு என்று ஏதாவது புகாரில் பேர் சேர்ந்தால் ரிமாண்டு. நீதிபதி ஜாமீன் கொடுத்தாலும், சொத்துள்ள ரெண்டு பேர் வந்து நிற்கணும் என்றால் எங்கே போவார்? குற்றம் நிரூபணமாகாமலே உள்ளே கிடக்கிறார். வீட்டில் கூலி நின்றுபோகும், வட்டிக்கடன் ஏறும். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லீங்க. 1978-இல் மத்தியப் பிரதேசக் கொத்தனார் மோத்தி ராமுக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அண்ணன் தம்பி நிற்கலாம் என்றால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைத் தவறென்று சொல்லி, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார்.

இன்றைய சட்டத்திலும் வழி இருக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால், ஒரு வாரத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காதவரை வசதியற்றவராகக் கருதி, சொந்தப் பிணையில் விடணும். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை உதவ மத்திய அரசு அதே ஆண்டு திட்டம் கொண்டுவந்தது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100-க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. கடனுக்கே அடமானம் வேண்டாம் என்று ஆன காலத்தில், மனுஷன் வெளியே வர சிட்டா வேண்டியிருக்கிறது.

அந்தச் சிட்டா நம்மிடம் இருக்கிறது. ஆனால் கூலிக்காரர் வீட்டிலிருந்து வந்து கேட்டால் தயங்குகிறோம், “நிலம் போயிடுமோ” என்று. வங்கி ஜாமீன்தாரர் கடன் முழுவதுக்கும் பொறுப்பு. கோர்ட்டு ஜாமீன்தாரர், ஆள் வாய்தாவுக்கு வருவார் என்பதற்கு மட்டும்தான் பொறுப்பு. வழக்கில் தண்டனை ஆனால்கூட நமக்குப் பாதகம் இல்லை. ஆள் வராமல் தலைமறைவானால் பிணைத்தொகை கட்ட வேண்டி வரலாம். அதற்கும் முன்னால் நோட்டீஸ் கொடுத்து நம் விளக்கத்தைக் கேட்பார்கள். இடையில் நம்பிக்கை போய்விட்டால் விலகிக்கொள்ள மனு போடலாம்.

ஆகவே பிணைத்தொகை எவ்வளவு என்று கேளுங்கள், வழக்கு என்ன என்று வக்கீலிடம் விசாரியுங்கள். பல வருஷம் நம் மண்ணில் உழைத்தவர், நாளைக்கு எங்கே இருப்பார் என்று நமக்குத் தெரிந்தவர் என்றால், தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள்.