கைவண்டியிற் சென்ற இல்லங்கள்

ஓர் ஊரை நீத்து மற்றோர் ஊருக்குக் குடிபோவோர் முதற்கண் எண்ணுவது பணத்தை. அடுத்து எண்ணுவது பண்டங்களை. இறுதியில், பெரும்பாலும் காலங்கடந்தே, எண்ணுவது நாட்களை. செல்வமுடையார்க்கு இவ்வரிசையால் இடரில்லை. ஒன்றிற் குறைந்ததை மற்றொன்றால் நிரப்பிக்கொள்வர். கைப்பொருள் சுருங்கியவர்க்கோ இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றி இழுப்பன. சுமை மிகுந்தால் நடை தளரும். நடை தளர்ந்தால் நாள் நீளும். நாள் நீண்டால் வழியுணவு மிகுதியாய் வேண்டும். உணவு மிகின் சுமையும் மிகும். இதனை விளக்கற்கு, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வட அமெரிக்காவின் பெருவெளிகளைக் கடந்து சென்ற குடும்பங்களின் வரலாற்றினும் பொருத்தமான சான்று எமக்குத் தோன்றவில்லை.

மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து மேல்கடலை அடுத்த ஆரிகன் நாடு ஏறக்குறைய 2,000 மைல். 1843-ஆம் ஆண்டில் ஆயிரம் பேர் அளவில் ஒரு பெருங்கூட்டம் அவ்வழியே சென்றது. அதன்பின் ஆண்டுதோறும் கூட்டங்கள் தொடர்ந்தன. பயணம் நான்கு முதல் ஆறு திங்கள் வரை நீடிக்கும். நான்கு சக்கரமும் துணிக்கூண்டும் உடைய வண்டியில் ஏறக்குறைய ஒரு டன் சுமையே ஏற்றத்தகும் என்று பட்டறிந்தோர் கூறினர். வண்டி இழுக்கக் கோவேறு கழுதை விரைவுடையதேனும் விலை மிகுந்தது. காளையோ மெல்லென நடக்கும். ஆயினும் விலை குறைவு. வழியிலுள்ள புல்லே அதற்குப் போதும். சென்றடைந்த இடத்தில் ஏர் பூட்டவும் உதவும். ஆதலின் பெரும்பாலோர் காளையையே நாடினர். நாளொன்றுக்குப் பதினைந்து மைல் நடந்தால் நல்ல நடை.

இனி, அவ்வண்டியில் என்ன ஏற்றினர் என்று பார்ப்போம். 1845-இல் லான்ஸ்ஃபர்டு ஹேஸ்டிங்ஸ் என்பார் வெளியிட்ட வழிகாட்டி நூல், ஆள் ஒன்றுக்கு மாவு 200 இராத்தல், உப்பிட்ட பன்றியிறைச்சி 150, சர்க்கரை 20, காப்பி 10, உப்பு 10 வேண்டுமெனக் கணக்கிட்டது. கூட்டினால் 390 இராத்தல். ஐவர் உள்ள குடும்பத்துக்கு 1,950. ஒரு டன் இதிலேயே தீர்ந்துபோயிற்றன்றோ? பெட்டிகளுக்கும் கட்டிலுக்கும் இடமேது? எனினும் ஏற்றினர். நம் இல்லத்துப் பெண்டிர் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் விட்டுவர மனமொப்பாமை நாம் அறிந்ததே. அங்கும் வார்ப்பிரும்பு அடுப்புகளும், பாட்டி காலத்து மரப்பேழைகளும் வண்டியேறின. சில நூறு மைல் சென்றபின் காளைகள் தளர, அவையெல்லாம் ஒவ்வொன்றாய் வழியோரத்தில் இறக்கப்பட்டன. ஊரில் விற்றிருந்தால் சில டாலராவது கிடைத்திருக்கும் பொருள்கள், அத்துணைத் தொலைவு சுமக்கப்பட்டபின் எவருக்கும் பயனின்றி வெயிலிற் காய்ந்தன.

வண்டியும் காளையும் வாங்குதற்கே வழியற்றோர் என் செய்வர்? இதற்கு யூட்டா நாட்டிற் குடியேறியிருந்த மார்மன் சபையார் 1856-இல் ஒரு விடை கண்டனர். தம் சபையைச் சேர்ந்த ஏழை மக்களை வரவழைத்தற்கென 1849-இலேயே ஒரு நிதி ஏற்படுத்தியிருந்தனர். 1855-இல் வெட்டுக்கிளியும் வறட்சியும் விளைவை அழித்தமையின் நிதி சுருங்கிற்று. வர விரும்புவோர் தொகையோ சுருங்கவில்லை. அவர்தம் தலைவர் பிரிகாம் யங், புகைவண்டியின் அந்நாளைய எல்லையாகிய அயோவா நகரிலிருந்து சால்ட்லேக் நகரம் வரை 1,300 மைலும் மக்கள் கைவண்டி இழுத்து நடந்தே வரலாமென முடிவு செய்தார்.

அக்கைவண்டி இரு சக்கரமுடையது, பெரும்பாலும் மரத்தாலாயது. முன்புறத்துக் குறுக்குச் சட்டத்துக்குள் நின்று ஒருவரோ இருவரோ இழுப்பர். பின்னின்று பிள்ளைகள் தள்ளுவர். ஏறக்குறைய ஐவர்க்கு ஒரு வண்டி. இருபதின்மர்க்கு ஒரு கூடாரம். கூடாரங்களையும் மாவையும் ஏற்றிவரச் சில காளைவண்டிகள் உடன் சென்றன. வளர்ந்தவர் ஒருவர் எடுத்துவரத்தக்க உடைமை 17 இராத்தல். துணியும் படுக்கையும் சமையற்கலமும் அதனுள் அடக்கம். இஃது எட்டுக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இன்று கடையில் வாங்கும் 25 கிலோ அரிசி மூட்டையில் மூன்றிலொரு பங்கும் ஆகாது. நிறைகோல் வைத்து நிறுத்தே ஏற்றினர். இதனிற் கடுமையான கணக்கு யாம் வேறெங்கும் கண்டிலேம். ஆயினும் கணக்கு பிழையன்று என்பதும் விரைவில் தெரிந்தது. ஜூன் மாதத்திற் புறப்பட்ட முதலிரு கூட்டத்தாரும் செப்டம்பர் 26-ஆம் நாள் சால்ட்லேக் நகரை அடைந்தனர். பூட்டவும் அவிழ்க்கவும் மேய்க்கவும் தேடவும் காளைகள் மிகுதியின்மையால் காளைவண்டியாரினும் விரைந்து நடத்தல் அவர்க்கு எளிதாயிற்று.

இடர்ப்பட்டோர் பின்வந்த இரு கூட்டத்தார். கப்பல்கள் காலந்தாழ்ந்து வந்தன. அயோவா நகரிலோ கைவண்டிகள் ஆயத்தமாகவில்லை. விரைந்து செய்தமையின் பல வண்டிகள் நன்குலராத மரத்தால் ஆயின. வறண்ட வெளியில் மரம் சுருங்கிச் சக்கரங்கள் கழன்றன. மணல் புகுந்து அச்சுகள் தேய்ந்தன. வண்டிமைக்கு மாறாகத் தம் பங்கு இறைச்சிக் கொழுப்பையும் சவர்க்காரத்தையும் தடவினர். வில்லி என்பவர் தலைமையிற் சென்றோர் ஆகஸ்ட் நடுவில், நெப்ராஸ்காவிலுள்ள பிளாரென்சு என்னும் ஊரில் கூடி ஆலோசித்தனர். அவ்வழியை முன்னரே அறிந்த லீவாய் சாவேஜ் என்பார், முதியோரும் குழந்தைகளும் உள்ள இக்கூட்டம் பனிக்கு முன் மலையைக் கடத்தல் அரிது, இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்போம் என்று கண்ணீருடன் கூறினார். பலர் இசையவில்லை.

அவர்களைப் பேதையர் என்று கூற யாம் துணியோம். தங்குதற்கும் பொருள் வேண்டுமன்றோ? வீடில்லை, வேலை உறுதியில்லை, கையிலிருந்த காசு கப்பலுக்கும் புகைவண்டிக்கும் முன்னரே போயிற்று. காத்திருத்தல் என்பது செல்வர்க்கே எளிதிற் கிட்டும் பொருள். ஆதலின் நடந்தனர். ஒவ்வொரு கைவண்டியிலும் 98 இராத்தல் மாவு மூட்டையொன்று கூடுதலாய் ஏறிற்று. செப்டம்பர் தொடக்கத்தில் அவர்தம் காளைகளில் முப்பதளவு ஓரிரவில் மிரண்டோடி மறைந்தன.

மார்ட்டின் என்பவர் தலைமையிற் பின்வந்தோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அக்டோபர் 17-ஆம் நாள், டீர் ஓடைக்கரையில், மக்கள் இளைத்தமை கண்டு சுமையைக் குறைக்க ஆணை பிறந்தது. வளர்ந்தவர்க்கு 10 இராத்தல், சிறு பிள்ளைகட்கு 5. எஞ்சிய போர்வைகளும் உடைகளும் அங்கேயே விடப்பட்டன. நடையைக் காக்கவேண்டிச் செய்த செயல் அது. அன்றைய கணக்கில் அதுவே சரி. இரண்டு நாள் கழித்து, 19-ஆம் நாள், வடபிளாட் ஆற்றைக் குளிர்ந்த நீரில் இறங்கிக் கடந்தனர்; அன்றே பனிப்புயல் தொடங்கிற்று. இவ்விரு கூட்டத்திலுமாக மாண்டவர் 200-க்கு மேற்பட்டோர்.

பின்னே மக்கள் வருகின்றனர் என்னும் செய்தி அக்டோபர் 4-ஆம் நாள்தான் சால்ட்லேக் நகரை எட்டிற்று. மூன்றாம் நாளே மாவும் துணியும் ஏற்றிய வண்டிகள் எதிர்சென்றன. பின்னும் பல தொடர்ந்தன. நவம்பர் 9-ஆம் நாள் வில்லி கூட்டத்தாரும், 30-ஆம் நாள் மார்ட்டின் கூட்டத்தாரும் நகரை அடைந்தனர். மீட்கும்போது உடன்வந்த காளைவண்டிகளில் நலிந்தோரை ஏற்ற இடம் வேண்டியிருந்தமையின், அவற்றிலிருந்த வீட்டுப் பண்டங்கள் யாவும் டெவில்ஸ் கேட் என்னுமிடத்தில் இறக்கி வைக்கப்பட்டன. அவற்றைக் காக்க இருபதின்மர் குளிர்காலம் முழுதும் அங்கே தங்கினர். உணவு தீர்ந்தபோது அவர்கள் மாட்டுத்தோலை வேகவைத்து உண்டனர். பிறருடைய பெட்டிகளும் படுக்கைகளும் அருகே அடுக்கியிருந்தன.

கைவண்டிப் பயணம் 1860 வரை நடந்தது. பத்துக் கூட்டங்களில் ஏறக்குறைய 3,000 பேர் சென்றனர். பின்வந்த கூட்டங்கட்கு இத்தகைய கேடு நேரவில்லை. 1861 முதல் வேறு முறை வந்தது. யூட்டாவிலிருந்தே காளைவண்டிகள் வேனில் தொடக்கத்தில் மாவுடன் கிழக்கே இறங்கி, மக்களை ஏற்றிக்கொண்டு அதே பருவத்தில் திரும்பின. அங்குக் காளை மிகுதி, காசு குறைவு. ஆதலின் உள்ளதைக் கொண்டு இல்லாததை நிரப்பிய இம்முறை எமக்கு மிகவும் உவப்பானது. ஒவ்வோராண்டும் புதிதாய் வண்டி வாங்க வேண்டியதில்லை. சபையாரில் ஒருவர் காளையும், ஒருவர் மாவும், ஒருவர் தம் உழைப்பும் தந்தனர். 1868 வரை இவ்வண்டிகள் சென்றன. மறு ஆண்டு மே 10-ஆம் நாள் கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை இணைக்கப்பட்டது.