ஒரு ரூபாய்த் தாள்

முதல் உலகப் போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டால், நாணயத்துக்கு மாற்றாக 1917 நவம்பர் 30 அன்று இந்தியாவில் ஒரு ரூபாய்த் தாள் வெளியானது. இன்றைய தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து இராது. நிதித்துறைச் செயலரே கையெழுத்திடுகிறார். சட்டப்படி இது நாணயத்துக்குச் சமம் என்பதால், மற்ற நோட்டுகளில் உள்ள உறுதிமொழி வாசகமும் இல்லை.

புழங்கிய தாள்தான் அழகு. சுருக்குப்பையில் நான்காய் மடிந்து கிடந்ததில் மடிப்புக்கோடு நைந்து வெளுத்திருக்கும்; ஓரத்தில் மஞ்சள் கறை ஏறியிருக்கும்.

அச்சுச் செலவு கட்டுப்படியாகாமல் 1994இல் இந்தத் தாளை அச்சிடுவது நின்றது. 2015இல் மீண்டும் வந்தும் கடைவீதியில் புழங்கவில்லை. 2016இல் அறிமுகமான யூபிஐ, பெட்டிக்கடைத் தேநீருக்கும் கைப்பேசியை நீட்டவைத்தது. மொய்க்கு நூற்றியொன்று வைக்கும் வழக்கத்தில் அந்த ஒற்றை ரூபாய், இப்போது கவர்மேல் ஒட்டிய நாணயம்.