இடி இடிக்கும்போது வத்தல் எடுக்க ஓடாதீர்கள்!

சித்திரை, வைகாசியில் எங்கள் செங்கத்தில் மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். மூன்று மணிக்கு மேல் ஜவ்வாது மலைப் பக்கம் கருக்க ஆரம்பித்தால், தெருவில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் மாடிக்கு ஓடுவோம். கூழ்வத்தல், புளி, துணிமணி எல்லாம் அங்கேதானே காய்கிறது!

போன கோடையில் நானும் அப்படித்தான் ஓடினேன். கீழே இருந்து மாமியார், "ஏம்மா, வத்தல் போனா போவுது, நீ எறங்கி வா!" என்று கத்தினார். "இதோ ஆச்சு அத்தை" என்று வத்தல் சேலையைச் சுருட்டும்போது கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், கூடவே காதைப் பிளக்கிற சத்தம்! நாலு வீடு தள்ளி ஒரு தென்னையில் விழுந்திருந்தது. எப்படிப் படி இறங்கினேன் என்றே தெரியாது. மாமியார், "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2022ல் நம் நாட்டில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். 2025 அக்டோபரில் கடலூர் மாவட்டம் கழுதூரில், மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்த நான்கு பெண்கள் ஒரே இடியில் போய்விட்டார்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் மட்டும் போதுமா? எங்கோ கம்பத்தில் விழுகிற மின்னல் கரண்ட் ஒயர், டிஷ் ஒயர், தண்ணீர்க் குழாய் வழியாக உள்ளே வரும். டி.வி., ஃபிரிட்ஜ், மிக்ஸிக்கு சுவிட்சை அணைத்தால் பற்றாது. வானத்திலிருந்து தாவி வந்ததற்கு அந்தச் சின்ன இடைவெளி ஒரு தடையா? ப்ளக்கையே பிடுங்க வேண்டும். அதுவும் மேகம் கருக்கும்போதே. தலைக்கு மேல் இடிக்கும்போது கிட்டே போகாதீர்கள். டி.வி. போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

பாத்திரம் தேய்ப்பது, குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையை ரசிக்க வேண்டாம். திண்ணையும் வெளியிடம்தான். செல்போன் இடியை இழுக்கும் என்பது வீண் பயம். சார்ஜில் மாட்டியபடி பேசுவதுதான் ஆபத்து.

கூரை வீடும் தகரக் கொட்டகையும் மின்னலுக்குக் காவல் இல்லை. மலைக் கிராமத்துச் சகோதரிகள் மேகம் கட்டும்போதே பள்ளிக்கூடம் மாதிரி கான்கிரீட் கட்டடத்துக்குப் போய்விடுவது நல்லது. புளியமரத்தடி வேண்டவே வேண்டாம்.

மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் சத்தம் கேட்டால் யாரும் வெளியே போகக் கூடாது. மழை விட்டதும் மாடு கட்ட ஓடுகிறோமே, அதுவும் தப்பு. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் போகட்டும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலியைப் போனில் போட்டு வைத்தால் அதுவே எச்சரிக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு மணிக்கே வத்தல் கீழே வந்துவிடுகிறது. மேகம் கருத்தால் ப்ளக் பிடுங்குவது மாமியார் பொறுப்பு. அர்ஜுனனையும் அவர் விடவில்லை!

இன்னொன்று. இடி தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று தள்ளி நிற்பவர்கள் உண்டு. அந்த உடம்பில் மின்சாரம் தங்காது, தைரியமாகத் தொடலாம். பத்திரமான இடத்துக்கு நகர்த்தி 108க்குச் சொல்லுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்தி அழுத்தி விடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம்.