உழவு ஜீப்பும் உல்லாச ஜீப்பும்

போர்முனைக்கு ஜீப் செய்து கொடுத்து வந்த அமெரிக்காவின் வில்லிஸ்-ஓவர்லாண்டு நிறுவனம், போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே அதை விவசாயிகளுக்கு விற்க முன்வந்தது. சி.ஜே.-2ஏ என்பது அந்த வண்டியின் பெயர். கேட்டு வாங்குவோருக்கு பி.டி.ஓ. தண்டு, பெல்ட் புல்லி, எஞ்சின் வேகத்தை ஒரே சீராக வைக்கும் கவர்னர் ஆகியவையும் பொருத்தித் தரப்பட்டன. வண்டியை நிறுத்தி வைத்துக் கதிரடிக்கலாம், மரம் அறுக்கலாம்.

1976இல் சி.ஜே.-7 வந்தது. அப்போது ஜீப் தொழில் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. முகஜாடை பழையதே, நோக்கம் வேறு. இரும்புக் கதவு, கெட்டியான கூரை, ஆட்டோமேட்டிக் கியர் எல்லாம் கேட்டால் கிடைத்தன. விடுமுறையில் மலையும் மணலும் சுற்றுவோரை எண்ணிச் செய்த வண்டி இது.

பழையதன் எஞ்சின் 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். புதியதில் 4.2 லிட்டர், 5 லிட்டர் எஞ்சின்களும் கிடைத்தன. அப்படியானால் வயலுக்குப் புதியதுதானே ஏற்றது என்று தோன்றும். இங்கேதான் கியரைக் கவனிக்க வேண்டும்.

சி.ஜே.-2ஏ வண்டியை 'லோ'வில் போட்டு முதல் கியரில் ஓட்டினால், எஞ்சின் ஏறக்குறைய 36 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். மூன்று கியரும் 3.54 அச்சு விகிதமும் உள்ள சி.ஜே.-7இல் இது சுமார் 21 சுற்றுதான். (நான்கு கியர் பெட்டி உள்ளவற்றில் கணக்கு மாறும்.) எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும்போது பழைய வண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கும் குறைவாக, ஆள் நடக்கும் வேகத்தில் நகரும். புதியது ஆறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மேலும், அச்சுக்கு அச்சு பழையது 80 அங்குலம், புதியது 93.4 அங்குலம். வரப்போரம் திரும்பக் குட்டை வண்டி வசதி. சாலை வேகத்தில் நீள வண்டியே நிலையானது.

ஆனாலும் பழைய ஜீப் டிராக்டருக்கு ஈடாகவில்லை. அந்த 60 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 4000 சுற்றில் கிடைப்பது. நாள் முழுதும் அந்த வேகத்தில் எஞ்சினை விரட்டி உழ முடியாது. வண்டியின் எடை ஏறத்தாழ ஒரு டன்தான், டயரும் சிறியது. எஞ்சினில் எவ்வளவு சக்தி இருந்தாலும், டயர் மண்ணைப் பிடிக்கும் அளவுக்குத்தான் கலப்பையை இழுக்க முடியும். டிராக்டரின் பெரிய பின்சக்கரங்களும் மும்முனை இணைப்பும் கலப்பையின் பாரத்தைப் பின்சக்கரத்தின் மேல் ஏற்றிப் பிடிப்பைக் கூட்டுகின்றன. ஜீப்புக்கு உழவு இரண்டாம் வேலை. பாரம் இழுப்பதும் சேற்றுப் பாதையில் போய் வருவதுமே முதல் வேலை.

நம் கிராமங்களில் ஓடிய ஜீப்புகளும் வில்லிஸ் பரம்பரைதான். 1940களின் பிற்பகுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் அவற்றைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பழைய ஜீப் வாங்க நினைப்பவர்கள் குதிரைத்திறனை மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். 'லோ' கியர் சரியாக விழுகிறதா, முன் அச்சும் சேர்ந்து இழுக்கிறதா என்று ஈர மண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாரத்துடன் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டி, ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது. கொதித்தால், சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.