இலைநோயைப் படத்தினால் அறியும் கணினி

நோயுற்ற இலையைக் கைத்தொலைபேசியினாற் படம்பிடித்தவுடன் நோயின் பெயரைக் கூறும் வசதி இப்பொழுது கமக்காரர் கைக்கு எட்டியுள்ளது. அப்பெயரை நம்பி மருந்து வாங்கலாமா என எம்மிடம் வினவுவோர் பலர். கணினி எவ்வாறு பழக்கப்படுகின்றது என்பதை அறிந்தால் விடை எளிதிற் புலனாகும்.

கணினிக்குப் படம் என்பது எண்களின் அட்டவணையே. நீளத்தில் 256, அகலத்தில் 256 எனப் புள்ளிகள் அமைந்த சிறு படத்தில் 65,536 புள்ளிகள் உள. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். நோயின் பெயர் குறித்த பல்லாயிரம் படங்களைக் காட்டி, பிழையான விடை வருந்தோறும் அதன் உட்கணக்குகளைச் சிறிது சிறிதாகத் திருத்துவர். எந்த அடையாளத்தைப் பற்றிக்கொள்ள வேண்டுமென எவரும் அதற்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. இடர் இங்கேதான் தொடங்குகின்றது.

2016ஆம் ஆண்டில் மொகந்தி, ஹியூஸ், சலாதே என்னும் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 14 பயிர்களையும் 26 நோய்களையும் சேர்ந்த 54,306 இலைப்படங்களை அவர்கள் பயன்படுத்தினர். அவற்றுள் ஒரு பகுதியைக் கொண்டு பழக்கி, எஞ்சியவற்றைக் காட்டியபோது கணினியின் விடை நூற்றுக்கு 99.35 வரை சரியாயிருந்தது. ஆயின், வேறிடங்களில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியபோது அது நூற்றுக்கு ஏறக்குறைய 31 ஆக வீழ்ந்தது. இதனை அவ்வாய்வாளரே மறையாது எழுதியுள்ளமை பாராட்டத்தக்கது.

அத்தொகுப்பிற்காக இலைகளைக் கொய்து, ஒவ்வொன்றாக வெறுந்தாளின்மேல் வைத்தே படம்பிடித்திருந்தனர். தோட்டத்திலோ நிழலும் மண்ணும் களையும் படத்திற் சேர்ந்துவிடும். 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில், அதே தொகுப்பின் படங்களில் இலையை விடுத்துப் பின்புலத்தின் 8 புள்ளிகளை மாத்திரம் கொடுத்தும் கணினி நூற்றுக்கு 49 விடைகளைச் சரியாகக் கூறிற்று. கண்ணைமூடி ஊகித்தால் மூன்றுகூடத் தேறாது. வினாவைப் படியாது ஆசிரியரின் முகத்தைப் பார்த்து விடை சொல்லும் மாணவனை இது ஒக்கும். 2017இல் தன்சானியாவில் மரவள்ளித் தோட்டங்களிலேயே எடுத்த படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினர். அதுவே நேரிய வழி.

மேற்கூறிய 14 பயிர்களுள் தக்காளி, உருளைக்கிழங்கு, சோளம் என்பன உள, நெல் இல்லை. இவ்வாறு பழக்கிய கணினிக்கு நெல்லிலையைக் காட்டினும், தான் கற்ற பெயர்களுள் ஒன்றையே அது கூறும்.

படத்தில் அகப்படாத நோய்களும் உள. தக்காளிச் செடி பச்சையாகவே திடீரென வாடினால் தண்டின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுமுகம் நீருள் அமிழுமாறு பிடித்தல் வேண்டும். சில நிமிடங்களில் பால்போன்ற இழைகள் கீழிறங்கினால் அது பற்றீரியா வாடல் ஆகும். இந்நோயைத் தீர்க்கும் தெளிமருந்து இல்லை. பங்கசுநாசினிக்குச் செலவிடும் பணம் முழுவதும் வீணே. செடியை வேரோடு அகற்றி எரித்தல் வேண்டும். அவ்விடத்து நீர் பிற பாத்திகளுக்குப் பாயாது தடுத்தல் வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை அங்கு மீண்டும் நடலாகாது.

கைத்தொலைபேசி கூறிய பெயரை எம்மிடம் உறுதிப்படுத்த வருவோர் இலையின் இரு பக்கங்களையும் முழுச்செடியையும் தனித்தனியே படம்பிடித்தல் நன்று. இயலுமாயின், வேரோடு பிடுங்கிய செடியொன்றை ஈரச்சாக்கிற் சுற்றி அன்றே கொண்டுவருக.